ஆண்டு வாசிப்பு இலக்கும் இளையோர் நாவல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாற்றில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில் பள்ளி மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பல வயதினரும் இருக்கிறார்கள். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய்வந்த உற்சாகத்தில் “இந்த வருடம் இத்தனை இளையோர் நாவல்கள்” என்று பலரும் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். மார்ச் பிறப்பதற்குள் ஒரே விதமான சந்தேகங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன்.

இளையோர் நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்? சிறுவர் கதைதானே அது?

சிறுவர் கதை என்று அடக்கிவிட முடியாது. ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களுக்காக எழுதப்படும் நாவல்களை ஆங்கிலப் பதிப்பாளர்களும் நூலகங்களும் தனி வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புத்தகக் கடைகளில் ‘யங் அடல்ட்’ என்ற பலகையின் கீழ் இருப்பவை இவைதாம். கதையின் நாயகனோ நாயகியோ பெரும்பாலும் அந்த வயதினராகவே இருப்பார். பல நாவல்களில் அவரே ‘நான்’ என்று தன் கதையைச் சொல்வார். சிக்கல் முற்றும்போது பெரியவர் ஒருவர் வந்து தீர்த்துவைக்க மாட்டார், அவரே முடிவெடுத்து அதன் விளைவையும் ஏற்றுக்கொள்வார். சிறுவர் கதையிலிருந்து இந்த வகையைப் பிரிப்பது இந்தக் கடைசிப் பண்புதான் என்று நான் நினைக்கிறேன்.

1967-இல், 18 வயதே ஆகியிருந்த ஓர் அமெரிக்கப் பெண் எழுதி வெளியான நாவலை இவ்வகையின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுவார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இளையோர் இலக்கியத்துக்கென்றே பிரின்ட்ஸ் விருதை வழங்கிவருகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அந்த விருதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வயதில் இதைப் படித்தால் நன்றாகவா இருக்கும்?

தாராளமாகப் படிக்கலாம். 2012-இல் பௌக்கர் என்ற நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், இளையோர் நூல்களை வாங்குகிறவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று தெரியவந்தது. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால், அவர் படிக்கும் புத்தகத்தையே நீங்களும் படிப்பது இரட்டை நன்மை: உங்கள் எண்ணிக்கையும் கூடும், சாப்பாட்டு மேசையில் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசவும் வழி பிறக்கும்.

ஆண்டுக்கு எத்தனை புத்தகம் என்று வைத்துக்கொள்வது? ஆளாளுக்கு ஐம்பது, நூறு என்கிறார்களே?

பிறர் சொல்லும் எண்ணை ஒதுக்கிவிட்டு உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் நாவலில் பத்துப் பக்கங்களை வழக்கமான வேகத்தில் படித்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாளில் வாசிப்புக்கு உண்மையாகவே எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எழுதுங்கள். கிடைக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் நேரத்தை எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர் தினமும் 20 நிமிடம் படித்தால் பத்துப் பக்கம் ஆகும். ஆண்டில் 365 நாளும் படிப்போம் என்று எண்ணாமல், தேர்வு, கல்யாணம், காய்ச்சல், ஊர்ப்பயணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 65 நாட்களைக் கழித்துவிட்டால் மிச்சம் 300 நாட்கள், அதாவது 3,000 பக்கங்கள். சராசரி இளையோர் நாவலுக்கு 300 பக்கம் என்று கொண்டால் அது பத்துப் புத்தகங்கள்.

ஒரு பக்கத்தை ஒன்றேகால் நிமிடத்தில் படிக்கிறவருக்கு அதே 20 நிமிடத்தில் 16 பக்கம், ஆண்டுக்கு 4,800 பக்கம், பதினாறு புத்தகங்கள். நேரத்தை 40 நிமிடமாக்கினால் இரண்டு பேருக்கும் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இந்தக் கணக்கைப் போட்டுக் கிடைக்கும் எண் சிறியதாகத் தோன்றினாலும் அதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது என்று எழுதிவைத்து ஏப்ரலில் கைவிடுகிறவர்களைக் காட்டிலும் பத்து என்று எழுதிவைத்தவர்கள் அதிகம் படித்து முடிப்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

கணக்குப் போட்டுத்தான் இலக்கு வைத்தேன். ஆனாலும் மூன்று நான்கு புத்தகத்தோடு நின்றுவிடுகிறதே, ஏன்?

எங்கள் வட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஊக்கம் இல்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்களுடைய வாசிப்புக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: நல்ல நாவலைக் கையில் எடுத்துவிட்டால் அவர்கள் விடாமல் படிக்கிறார்கள், ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைத் தொடங்குவதற்குத்தான் நாட்கள் ஓடிவிடுகின்றன. எதைப் படிப்பது என்று யோசித்து, யாரையோ கேட்டு, ஆன்லைனில் போட்டு, வந்து சேர்ந்து, பிரித்துப் பார்ப்பதற்குள் பத்து நாள் போய்விடுகிறது. பதினாறு புத்தகங்களுக்கு நடுவே பதினைந்து இடைவெளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாள் என்றால் 150 நாட்கள். ஆண்டில் ஐந்து மாதம் புத்தகமே கையில் இல்லாமல் கழிந்தால் எந்த இலக்கும் நிற்காது.

ஆகவே ஆண்டு இலக்கைக் காப்பாற்றுவதற்கு நான் சொல்லும் முதல் வழி, இப்போது படிக்கும் நாவலில் முக்கால் பங்கு முடிவதற்குள் அடுத்த நாவல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான். வாங்கியோ இரவல் பெற்றோ எப்படியாவது அது அலமாரியில் இருக்கட்டும். ஒன்றை முடித்த அன்றிரவே அடுத்ததன் முதல் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். இரண்டு பக்கம் என்றாலும் போதும். முடித்த நாவல் மனத்தை விட்டு அகலாமல் இருந்தால், முற்றிலும் வேறு குணமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: சோகக் கதைக்குப் பின் துப்பறியும் கதை, கற்பனை உலகத்துக்குப் பின் பள்ளிக்கூடக் கதை என்று. மனம் ஆறட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பதாகச் சொல்கிறவர்களுக்கு அந்த வாரம் மாதமாகிவிடுகிறது.

வேலை, பயணம், வீடு என்று ஓடும்போது தினமும் 20 நிமிடம் எங்கே கிடைக்கும்?

சென்னையில் பலருக்கும் அது பயணத்திலேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்வருகிறவருக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ரயிலில் கழிகிறது. கூட்ட நேரத்தில் நின்றுகொண்டே போக வேண்டியிருந்தால் தடித்த புத்தகத்தை ஒரு கையில் பிடிக்க இயலாது. அப்போது கிண்டிலோ கைப்பேசியில் மின்னூலோ உதவும். மெட்ரோவில் குலுக்கல் குறைவு, வெளிச்சம் சீராக இருக்கும், ஆகையால் அச்சுப் புத்தகமே வசதி. மாநகரப் பேருந்தில் படித்தால் தலை சுற்றுகிறது என்பவர்கள் ஒலிநூலுக்கு மாறலாம். அது கணக்கில் சேருமா என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

இளையோர் நாவல்களில் அத்தியாயங்கள் பொதுவாகச் சிறியவை, பல நாவல்களில் பத்துப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். எழும்பூரில் தொடங்கிய அத்தியாயத்தை மாம்பலத்தில் முடித்துவிட்டு இறங்குகிற நிறைவு, நீண்ட அத்தியாயங்கள் உள்ள நாவல்களில் கிடைப்பதில்லை. இந்த வகையை ஆண்டு இலக்குக்கு நான் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். தமிழிலேயே படித்து இலக்கை முடிக்க முடியுமா?

பத்துப் பன்னிரண்டு என்ற இலக்கைத் தமிழிலேயே முடிக்கலாம். ஐம்பது என்றால் கடினம். தமிழில் சிறார் நூல்கள் முன்பைவிட இன்று நிறைய வருகின்றன. தேனாம்பேட்டையில் இருக்கும் பாரதி புத்தகாலயம் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ என்ற பெயரில் தொடர்ந்து வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் தமிழ் மொழிபெயர்ப்புகளும் உள்ளன. சாகித்திய அகாதெமி 2010-இலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் பால சாகித்திய புரஸ்கார் விருதை வழங்கிவருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள தமிழ் நூல்களைத் தேடிப் படிப்பதே ஓர் ஆண்டுக்கு நல்ல திட்டம்.

ஆனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். தமிழில் பத்து வயதுப் பிள்ளைக்கு நூல் இருக்கிறது, இருபது வயது இளைஞருக்கும் இருக்கிறது. பதினைந்து வயதுக்காரருக்கென்று எழுதப்பட்ட நாவல்கள் மிகக் குறைவு. அந்த வயதில் நம் பிள்ளைகள் சிறுவர் கதையிலிருந்து சரித்திர நாவலுக்கு ஒரே தாவலில் போய்விடுகிறார்கள், அல்லது ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள், அல்லது படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். எழுதுகிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் இந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆங்கிலத்தை முயன்று பார்க்க விரும்பினால் அதற்கு ஏற்ற வகையும் இதுவே. வாக்கியங்கள் பேச்சு நடையில் இருக்கும், உரையாடல் அதிகம் வரும். கற்பனை உலகங்களை விட்டுவிட்டு, இன்றைய பள்ளியிலோ வீட்டிலோ நடக்கும் கதையாக 200 பக்க அளவில் ஒன்றை எடுங்கள். தெரியாத சொல் வரும் போதெல்லாம் அகராதியைப் புரட்டாமல், அதே சொல் மூன்றாவது முறை வரும்போது மட்டும் பாருங்கள். இரண்டு மொழியிலும் படிக்கிறவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் வேகத்தைத் தனியாக அளந்து, மேலே சொன்ன கணக்கைத் தனித்தனியே போட வேண்டும்.

ஒவ்வொரு புத்தகமும் நானூறு, ஐந்நூறு ரூபாய். வாங்கிப் படித்துக் கட்டுப்படியாகுமா?

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதே இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்குச் சட்டம் இயற்றியது நம் மாநிலம்தான். 1948-இல் வந்த அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. உங்கள் பகுதிக் கிளை நூலகம் உங்கள் பணத்தில் நடக்கிறது. அங்கே ஆங்கில இளையோர் நாவல்கள் குறைவாகத்தான் இருக்கும். தமிழ்ச் சிறார் நூல்கள் பெரும்பாலும் கிடைக்கும்.

எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. இந்தியப் பதிப்பகங்கள் வெளியிட்ட இளையோர் நாவலைத் தேடுகிறவர்கள் அங்கே கேட்டுப் பார்க்க வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று பெரிய தனிப்பிரிவு இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே இடம் உண்டு. வீட்டில் இடமும் அமைதியும் இல்லாத மாணவர்களுக்கு இது பெரிய வரம். வாடகை நூலகங்கள் பல மூடப்பட்டுவிட்டாலும், 1955-இல் தொடங்கப்பட்ட ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி போன்றவை ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்கும் பல தலைமுறைகளை இந்த நகரத்தில் உருவாக்கியிருக்கின்றன.

இவை போக, 1977-இல் தொடங்கி நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் தள்ளுபடி விலையில் வாங்கலாம். அப்போதும் ஆண்டு முழுமைக்குமாக வாங்கிக் குவிக்காதீர்கள். நான்கைந்து புத்தகம் போதும். ஜூன் மாதத்தில் உங்களுக்கு எதைப் படிக்கத் தோன்றும் என்று ஜனவரியில் தெரியாது.

திருவல்லிக்கேணி நடைபாதையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, டெலிகிராமில் சும்மாவே கிடைக்கிறது. அதைப் படித்தால் என்ன?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாரதி சாலையிலும், பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பின் பக்கத்திலேயே மாற்றிடம் பெற்ற அல்லிக்குளம் கடைகளிலும் கிடைக்கும் பழைய புத்தகங்களை வாங்குவதில் தவறே இல்லை. ஒருவர் படித்து விற்றதை இன்னொருவர் படிக்கிறார். புத்தம் புதிதாக, அட்டை மட்டும் பளபளவென்று, உள்ளே எழுத்து மங்கலாக, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் அது கள்ளப் பதிப்பு. அதிலும் டெலிகிராம் பி.டி.எஃப்-இலும் எழுதியவருக்கு ஒரு காசுகூடப் போவதில்லை, பதிப்புரிமைச் சட்டப்படியும் குற்றம். இந்தியாவில் இளையோருக்காக எழுதுகிறவர்கள் சிலரே; அவர்களுடைய விற்பனையும் சிறியது. அவர்களுடைய புத்தகத்தைத் திருட்டுப் பிரதியில் படித்தால் அடுத்த புத்தகம் வராமலே போகலாம். காசு இல்லை என்றால் நூலகத்தில் கேளுங்கள், நண்பரிடம் இரவல் வாங்குங்கள்.

கிராஃபிக் நாவல், கவிதை வடிவ நாவல், ஒலிநூல் இதையெல்லாம் எண்ணிக்கையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பிரின்ட்ஸ் விருது 2007-இல் முதன்முறையாக, படங்கள் வழியே கதை சொல்லும் ஒரு கிராஃபிக் நாவலுக்கும், 2019-இல் கவிதையாகவே எழுதப்பட்ட ஒரு நாவலுக்கும் கொடுக்கப்பட்டது. சிறுவர்க்கும் இளையோர்க்குமான ஒலிநூல்களுக்கு 2008-இலிருந்து ஒடிஸி என்ற தனி விருதே இருக்கிறது. இவற்றைக் கரைகண்ட நூலகர்களே தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும்போது நாம் ஒதுக்குவதற்குக் காரணம் இல்லை.

ஆனாலும் கிராஃபிக் நாவல் ஒரே மாலையில் முடிந்துவிடும், 500 பக்கக் கற்பனைக் கதை ஒரு மாதம் எடுக்கும். இந்த வேறுபாடு உறுத்துகிறது என்றால் புத்தக எண்ணிக்கையை விட்டுப் பக்க எண்ணிக்கையையோ மணிக் கணக்கையோ இலக்காக வையுங்கள். ஒலிநூல் அதிகம் கேட்கிறவர்களுக்கு மணிக் கணக்குதான் பொருத்தம்.

‘பொன்னியின் செல்வன்’ ஒரு புத்தகமா, ஐந்து புத்தகமா?

எங்கள் வட்டத்துப் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்டுவிடுகிறார்கள். பதின்ம வயதில் பலரும் படிக்கும் நாவல் என்பதால் அதை இந்த இலக்கில் சேர்ப்பதற்கு எனக்கு மறுப்பில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த அது ஐந்து பாகங்களாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பாகமும் சராசரி இளையோர் நாவலின் அளவுக்குக் குறையாது. ஆகவே ஐந்து என்று எண்ணுங்கள். ஐந்தும் ஒரே கட்டாக அச்சிடப்பட்டிருந்தாலும் அதே கணக்குதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

ஆங்கிலத் தொடர் நாவல்களுக்கும் இது பொருந்தும். தொடர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்வியே எழாது, இடைவெளி தானாகவே சுருங்கும். ஆனால் இரண்டாம் பாகத்தில் சுவாரசியம் குறைந்த பிறகும் முடித்தே தீருவேன் என்று ஏழாம் பாகம் வரை போவதில் பயனில்லை.

பாதியில் பிடிக்காமல் போனால் விட்டுவிடலாமா? விட்டதைக் கணக்கில் சேர்க்கலாமா?

விட்டுவிடுங்கள், மன உறுத்தல் இல்லாமல் விட்டுவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று; வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது இன்னொன்று. உங்களுக்குரியதல்லாத நூலோடு மூன்று வாரம் போராடினால் இரண்டு விதியும் அடிபடுகின்றன.

எப்போது விடுவது என்பதற்கு நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஓர் அளவு சொல்லியிருக்கிறார்: ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஒரு நூலுக்கு 50 பக்கம் வாய்ப்புக் கொடுக்க வேண்டும், ஐம்பதைக் கடந்தவர்கள் 100-இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் பக்கங்களைப் படித்தால் போதும். அறுபது வயதுக்காரர் நாற்பது பக்கத்தில் முடிவெடுக்கலாம். விட்ட நூலைப் புத்தக எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பக்கக் கணக்கு வைத்திருந்தால் படித்த பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில், எதனால் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தால் அடுத்த தேர்வு துல்லியமாகும்.

முன்பு படித்ததையே மறுபடி படித்தால்?

சேர்க்கலாம். பதினான்கு வயதில் படித்ததை இருபத்தொன்றில் படிக்கும்போது அது வேறு நாவலாக இருக்கும்.

எதில் எழுதி வைப்பது? செயலியா, நோட்டா?

குட்ரீட்ஸில் ஆண்டு வாசிப்புச் சவால் என்ற வசதி இருக்கிறது. முடித்த தேதியைப் பதிந்தால் எண்ணிக்கை தானே ஏறும், ஆண்டின் நடுவிலும் இலக்கை மாற்றலாம். ஸ்டோரிகிராஃபில் பக்கங்களையும் மணிகளையும் இலக்காக வைக்க முடியும். ஆனால் பள்ளி மாணவர்களுக்கு நான் நோட்டைத்தான் சொல்வேன். வாசிப்பைப் பதிவதற்காகக் கைப்பேசியை எடுத்தால் வேறெங்கோ போய்விடுகிறார்கள்.

நூலின் பெயர், பக்கம், தொடங்கிய தேதி, முடித்த தேதி, அதைப் பற்றி மூன்று வாக்கியம் ஆகியவை போதும். தொடங்கிய தேதியைப் பலர் எழுதுவதில்லை. இடைவெளி எவ்வளவு என்று காட்டுவது அந்தத் தேதிதான். மூன்று வாக்கியங்களை முடித்த அன்றே எழுதினால், படித்ததெல்லாம் மறந்துபோகிறது என்ற குறையும் பெருமளவு தீரும்.

என் மகள் பத்தாம் வகுப்பு. இந்த ஆண்டு இலக்கெல்லாம் வேண்டுமா?

இலக்கைச் சுருக்குங்கள், வாசிப்பை நிறுத்தாதீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகிறது. ஜனவரியில் தொடங்கும் இலக்கு அவளுக்கு முதல் நாளிலிருந்தே எதிரி. தேர்வு முடியும் நாளை ஆண்டுப் பிறப்பாகக் கொண்டு, அங்கிருந்து அடுத்த தேர்வு வரை கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் பாதி முடிந்துவிடும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் ஒவ்வொன்று சேரும். தேர்வுக் காலத்தில் இரவு பத்து நிமிடம், முன்பே படித்துப் பிடித்துப்போன நாவல் ஒன்றைப் படிக்க விட்டால் அதுவே அவளுக்கு இளைப்பாறலாக இருக்கும்.

அப்பாவோ அம்மாவோ அந்த எண்ணை மதிப்பெண் போல விசாரிக்கக் கூடாது. “இன்னும் எத்தனை பாக்கி?” என்று கேட்கப்பட்ட பிள்ளை, கேள்வியைத் தவிர்ப்பதற்காகப் புத்தகத்தையும் தவிர்க்கத் தொடங்கிவிடும்.

சில நாவல்களில் தற்கொலை, பாலியல் வன்முறை எல்லாம் வருகிறதே. பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது?

நியாயமான கவலை. இவ்வகை நாவல்கள் பதின்ம வயதின் துன்பங்களை மறைக்காமல் பேசுகின்றன. பல பிள்ளைகளுக்குத் தங்களுக்கு நேர்ந்ததற்கு ஒரு மொழி கிடைப்பது இங்கேதான். அதே நேரம் 12 வயதுக்கும் 17 வயதுக்கும் ஒரே நாவல் பொருந்தாது. பின்னட்டையையும் முதல் இரண்டு அத்தியாயத்தையும் நீங்கள் படித்துப் பாருங்கள். முடிந்தால் முழுவதையும் படியுங்கள், உங்கள் எண்ணிக்கையிலும் அது சேரும். கொடுக்காமல் ஒளித்துவைப்பதைவிட, கொடுத்துவிட்டு “உனக்கு என்ன தோன்றியது?” என்று கேட்பது நல்லது.

பிள்ளை அப்படிப்பட்ட கதைகளையே திரும்பத் திரும்பத் தேடினால், அல்லது படித்த பின் ஒதுங்கியே இருந்தால், பொறுமையாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அந்த நிலையில் வாசிப்பு இலக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஜூலை வந்துவிட்டது. 24 புத்தகம் என்று வைத்து எட்டுதான் முடித்திருக்கிறேன். என்ன செய்வது?

மிச்சம் பதினாறு, கையில் உள்ள நாட்கள் 184. பதினொன்றரை நாளுக்கு ஒரு புத்தகம், 300 பக்க நாவல் என்றால் நாளைக்கு 26 பக்கம். பக்கத்துக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகிறவருக்கு அது 33 நிமிடம். இரண்டு நிமிடம் ஆகிறவருக்கு 52 நிமிடம். அந்த நேரம் உங்களிடம் இருந்தால் தொடருங்கள். இல்லை என்றால் எண்ணைப் பதினாறாகவோ பதினெட்டாகவோ குறைத்து இன்றே எழுதிவிடுங்கள்.

குறைப்பதற்கு முன் குறிப்பேட்டில் இடைவெளிகளைக் கூட்டிப் பாருங்கள். எட்டுப் புத்தகத்துக்கு நடுவில் 70 நாள் காணாமல் போயிருந்தால் வேகத்தில் குறையில்லை. மேலே சொன்ன முக்கால் பங்கு வழியைப் பின்பற்றினாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். அக்டோபருக்குப் பின் மழை விடுமுறை வரும், அப்போது சேர்த்துப் படிக்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மழை நாட்களில் தண்ணீர், மின்வெட்டு, காய்ச்சல் என்று வீட்டு வேலைகள்தான் கூடும். டிசம்பரில் சங்கீத சீசனும் ஊருக்கு வரும் உறவினரும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பர் முடிவதற்குள் முக்கால் பங்கை எட்டிவிடுவது சென்னைக்காரர்களுக்கு நல்லது.

டிசம்பர் கடைசியில் நூறு பக்கப் புத்தகங்களாகத் தேடிப் படித்து எண்ணிக்கையை நிரப்பலாமா?

ஒன்றிரண்டு படிப்பதில் தவறில்லை, சிறிய நாவல்களில் மிகச் சிறந்தவை இருக்கின்றன. ஆனால் ஐந்தாறு நூலை வாரத்துக்குள் விழுங்கினால் ஒன்றும் தங்காது, ஜனவரியில் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. இரண்டு குறைவாகவே ஆண்டை முடியுங்கள்.

நான் அக்டோபரிலேயே முடித்துவிட்டேன். இலக்கைக் கூட்டட்டுமா?

கூட்ட வேண்டாம். நீளம் கருதி இதுவரை தள்ளிவைத்திருந்த நாவல் ஒன்று உங்கள் அலமாரியில் கட்டாயம் இருக்கும்; 600 பக்கமோ 700 பக்கமோ, எண்ணிக்கை பாழாகுமே என்று நீங்கள் எடுக்காமல் விட்டது. அதை இப்போது எடுங்கள். அடுத்த ஆண்டுக்கான எண்ணை முடிவு செய்யும்போது இந்த ஆண்டின் எண்ணிக்கையோடு சற்றே கூட்டி எழுதாமல், பத்துப் பக்கச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். ஓராண்டு தொடர்ந்து படித்தவரின் வேகம் மாறியிருக்கும், கிடைக்கும் நேரமும் மாறியிருக்கும்.